சின்னக் குளத்து முதலீட்டாளர்கள்

அரசாங்கத்துக்கு ஒரு விஷயம் புரியவில்லை என்றால் அது சும்மா இருந்துவிடாது. பலகை மாட்டும். ஹோங்கலா ஊர் நீச்சல் கூடத்துச் சுவரில் அந்தப் பலகை ஏறியது ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமைதான் ஊர்ப் பெண்கள் இடுப்பில் மிதவைப் பட்டையைக் கட்டிக்கொண்டு பெரிய குளத்துக்குள்ளே ஓடுகிற நாள். ஓட்டம் என்று பெயர்தான். தண்ணிக்குள்ளே காலை உதைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவதை எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்வார்கள்.

பலகையில் இப்படி எழுதியிருந்தது: "எச்சரிக்கை. சின்னக் குளத்தின் சூடு கிரிப்டோ நாணயத் தொழிலிலிருந்து வருகிறது. கிரிப்டோ மிக ஆபத்தான முதலீடு. இதில் இறங்கினால் நீங்கள் கொண்டுவந்த அனைத்தையும் இழக்க நேரலாம். அசம்பாவிதம் நேர்ந்தால் உங்களைக் காப்பாற்ற யாராவது வருவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்."

பலகைக்கு நேர் கீழேதான் உயிர்காப்பாளர் நாற்காலி. அதில் உர்போ உட்கார்ந்திருந்தார். கூடத்துக்கு மேலாளர், வாசலில் சீட்டுக் கொடுப்பவர், முழுகினால் தூக்குபவர் எல்லாம் அவர் ஒருத்தர்தான். எழுந்து நின்று அண்ணாந்து படித்தார்.

"அப்ப நான் வீட்டுக்குப் போயிடவா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

ஓடிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தியான மிர்யா குளத்துக்குள்ளிருந்தே கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தாள். "கொண்டுவந்த அனைத்துமா? நான் கொண்டுவந்தது இந்த நீச்சல் உடுப்பு ஒண்ணுதான். அது போச்சுன்னா எனக்கொண்ணும் ஆபத்தில்ல, பாக்கறவங்களுக்குத்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். ஹில்கா சிரிக்கவில்லை. அவள் சின்னக் குளத்தின் சரிவுப் பாதையில் தன் கணவர் தைஸ்தோவைச் சக்கர நாற்காலியோடு இறக்கிக்கொண்டிருந்தாள். அந்த வேலையில் சிரித்தால் கை வழுக்கும்.

தைஸ்தோ மரம் ஏற்றுகிற லாரி ஓட்டியவர். ஒரு நாள் காலை காபிக் கோப்பையை எடுக்கப் போனவர் அதை எடுக்கவில்லை. பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போனது, ஒரே ஒரு வார்த்தை தவிர. எல்லாம் அழிந்த பிறகு மூளையின் ஏதோ மூலையில் "நல்லது" என்ற சொல் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. பசித்தால் நல்லது. கால் வலித்தால் நல்லது. கோபம் வந்தால் அதையே கத்துவார். எந்த நல்லது என்ன நல்லது என்று ஹில்காவுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

அவர் தரையில் நிற்கமாட்டார். ஆனால் சின்னக் குளத்தில், மார்பளவு வெதுவெதுப்பான தண்ணியில், நடப்பார். ஹில்கா எதிரே நின்று இரண்டு கையையும் பிடித்துக்கொள்ள, குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒவ்வொரு அடியாக வருவார். முதல் நாள் அவர் அப்படி வந்து சேர்ந்தபோது ஹில்கா தண்ணிக்குள் முகத்தை முக்கிக்கொண்டாள். அழுகிறாளா நீந்துகிறாளா என்று யாருக்கும் தெரியக் கூடாதல்லவா. அவருக்கு உடற்பயிற்சி சிகிச்சை தருகிற பிசியோ பெண் தெளிவாகச் சொல்லியிருந்தாள்: "விடாம செஞ்சா ஒரு நாள் தரையிலயும் நிப்பார், ஹில்கா. நிறுத்தினா வந்ததெல்லாம் போயிடும், திரும்ப வராது." பெரிய குளம் உதவாது. அதன் குளிர்ந்த தண்ணி பட்டதுமே அவர் கால் விறைத்துப்போகும்.

அந்தச் சின்னக் குளம் ஒரு காலத்தில் மூடிக் கிடந்தது. சூடாக்க ஊராட்சியிடம் காசில்லை. அப்புறம்தான் ஒரு கம்பெனி வந்தது. கூடத்துக்குப் பின்னால் வண்டி நிறுத்துகிற இடத்தில் ஒரு கன்டெய்னரை இறக்கி, அதற்குள் கணினிகளை அடுக்கியது. அவை ராப்பகலாகக் கணக்குப் போட்டுக் கிரிப்டோ நாணயம் பண்ணின. கணக்குப் போடப்போட அடுப்பாய்க் கொதித்தன. அந்தக் கொதிப்பைக் குழாய் வழியாகக் குளத்துக்குத் திருப்பிவிட்டார்கள். கம்பெனிக்கு மிஷின் ஆறியது, ஊருக்குக் குளம் சூடானது. கிரிப்டோ என்றால் என்ன என்று ஊரில் யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள அவசியமும் இருக்கவில்லை. மிர்யாவுக்கு முட்டி வலி குறைந்தது. தைஸ்தோ நடந்தார்.

இப்படி ஒருத்தருக்கும் கெடுதல் இல்லாமல் ஒரு காரியம் நடந்தால் தலைநகர் ஹெல்சிங்கியில் யாருக்கோ தூக்கம் வராது. கிரிப்டோ மேற்பார்வை வாரியம் என்று ஒன்று புதிதாக உண்டாகியிருந்தது. வாரியம் என்றால் அதற்கு மேற்பார்க்க ஏதாவது வேண்டும். நாணயமோ கண்ணுக்குத் தெரியாது, கையில் சிக்காது, பூட்டி வைக்க முடியாது. அதை வைத்திருந்தவர்களையும் தேடிப் பிடிக்க முடியவில்லை. நாடு முழுக்கத் தேடித் தேடி, கடைசியில் கிரிப்டோ சம்பந்தப்பட்டதாகவும் கையால் தொட்டுப் பார்க்கக்கூடியதாகவும் வாரியத்துக்குக் கிடைத்த ஒரே பொருள் ஹோங்கலாவின் சின்னக் குளம்தான்.

வாரியத்தின் மூத்த ஆலோசகர் கலெர்வோ நேரிலேயே வந்தார். வழித்த மாதிரி சுத்தமான முகம், தாழ்ந்த குரல், நல்ல மரியாதை. அவரை வெறுக்க ஹில்கா பிற்பாடு எவ்வளவோ முயன்று பார்த்தாள். முடியவில்லை. அவ்வளவு பண்பான மனிதர். எங்கள் கூடத்தில் குளிக்காமல் குளத்தில் இறங்கக் கூடாது என்பதற்காக, இறங்கவே போகாத அவர்கூட உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஒருமுறை குளித்துவிட்டு, மறுபடி கோட்டு சூட்டோடு வந்து நின்றார்.

"உங்க நல்லதுக்குத்தான் இதெல்லாம்," என்றார். "இந்தச் சூடு உங்களுக்கு யார் தர்றா? கிரிப்டோ தருது. அப்ப நீங்கள்லாம் யாரு? கிரிப்டோலேர்ந்து வருமானம் வாங்கறவங்க. அதாவது முதலீட்டாளர்கள்."

"நான் பள்ளிக்கூடத்துல சமைச்சவ," என்றாள் ஹில்கா.

"அது முன்ன. இப்ப நீங்க சில்லறை முதலீட்டாளர்." அவர் அதை ஏதோ பதவி உயர்வு மாதிரி சொன்னார். "முதலீட்டாளருக்கு அனுபவம் இருக்கான்னு நாங்க சோதிக்கணும். தேறினா ஒரு நாள் வீட்ல உக்காந்து யோசிக்கணும். யோசிச்ச பிறகும் இறங்கணும்னு தோணினா இறங்கலாம்."

சோதனையைச் சீட்டுக் கொடுக்கும் மேசையிலேயே உர்போ நடத்தினார். பாவம், சம்பளத்துக்கு இன்னொரு வேலை சேர்ந்தது அவருக்கு. ஹில்காவிடம் கேள்விகளைப் படித்தார்.

"கிரிப்டோ சந்தை ஏற்ற இறக்கம் பத்தி உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"இந்த நாணயம் எப்படி உண்டாகுதுன்னு விளக்க முடியுமா?"

"பின்னால கன்டெய்னர்ல இரைச்சல் போடுதே, அதுல. அதுக்கு மேல தெரியாது, உர்போ. உனக்குத் தெரியுமா?"

"எனக்கும் தெரியாது. ஆனா நான் கேள்வி கேக்கற ஆளு. இதுல போட்டது எல்லாம் போயிட்டா தாங்குவீங்களா?"

ஹில்கா சின்னக் குளத்தைப் பார்த்தாள். "தாங்கமாட்டேன்," என்றாள்.

தேறவில்லை. அடுத்தது தைஸ்தோ. ஏற்ற இறக்கம் தெரியுமா என்றதற்கு நல்லது என்றார். நாணயம் உண்டாகும் விதம் பற்றிக் கேட்டதற்கும் நல்லது. எல்லாம் போய்விட்டால் எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு உர்போவை ஒரு முறை முறைத்து, நல்லது என்று அடித்தொண்டையிலிருந்து சொன்னார். உர்போ மதிப்பெண் போட்டுப் பார்த்தார். நாட்டிலேயே அதிக மதிப்பெண். ஹெல்சிங்கியிலிருந்து பாராட்டுக் கூட வந்தது: உயர் அனுபவ முதலீட்டாளர், எந்த இழப்பையும் நிதானமாக ஏற்கும் மனநிலை.

ஆக, தைஸ்தோ இறங்கலாம். அவரைப் பிடித்துக்கொள்ள ஹில்கா இறங்கக் கூடாது. ஒரு வாரம் அவர் சரிவுப் பாதையின் ஓரத்தில், உயர் அனுபவத்தோடு, கால் நனையாமல் உட்கார்ந்திருந்தார்.

"மண்டு மண்டு," என்றாள் மிர்யா. சவுனா என்கிற நீராவி அறையின் மேல்படியில் உட்கார்ந்து, சூடான கல்லின் மேல் தண்ணி விசிறிக்கொண்டே ஹில்காவைத் திட்டினாள். "தெரியாதுன்னு ஏண்டி சொன்ன? தெரிஞ்சவங்களத் தேடியா பரீட்சை வைக்கிறான்? தெரியும்னு சொல்றவங்களத் தேடி வைக்கிறான். நான் எல்லாத்துக்கும் ஆமாம் போட்டேன். இப்ப நான் யாரு தெரியுமா? முதலீட்டாளர். கொஞ்சம் மரியாதையாப் பேசு."

மறுமுறை ஹில்கா எல்லாம் தெரியும் என்றாள். அறுபது தாண்டிய வாழ்க்கையில் அரசாங்கத்திடம் அவள் சொன்ன முதல் பொய் அது. வீட்டில் ஒரு நாள் உட்கார்ந்து யோசிக்க வேண்டும் என்று விதி இருந்ததால் உட்கார்ந்து யோசித்தாள். பொய் சொன்னோமே என்றுதான் யோசித்தாள்.

குளத்தில் இறங்கியும் நிம்மதி இல்லை. கலெர்வோ அடுத்த முறை வந்தபோது ஒரு வெப்பக் கேமராவோடு வந்தார். சின்னக் குளத்தில் நடக்கும் இருவரையும் திரையில் பார்த்துக்கொண்டிருந்தவர், மெதுவாகக் கரைக்கு வந்து குந்தினார்.

"ஹில்கா, தப்பா நினைக்காதீங்க. நீங்க அவர் கையைப் பிடிக்கும்போது உங்க சூடு அவருக்குப் போகுது."

"ஆமா?"

"அது பரிமாற்றம். கிரிப்டோ ஒருத்தர்கிட்டேர்ந்து ஒருத்தருக்குப் போனா, அனுப்பறது யாரு, வாங்கறது யாருன்னு ரெண்டு பேரையும் அடையாளம் காட்டணும். சர்வதேச விதி. நாங்களா கண்டுபிடிச்சது இல்ல."

"அனுப்பறது நான். வாங்கறது என் புருஷன்."

"அவரும் உங்களுக்குத் திருப்பி அனுப்பறாரே. இங்க பாருங்க, திரையில மஞ்சளாத் தெரியுது." அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "ஒவ்வொரு தடவையும் உரக்கச் சொன்னீங்கன்னா போதும். உர்போ காதுல விழற மாதிரி."

அன்றிலிருந்து சின்னக் குளத்தில் ஹில்கா ஒவ்வொரு அடிக்கும் "நான், அவருக்கு" என்று உரக்கச் சொன்னாள். தைஸ்தோ பதிலுக்கு நல்லது என்றார். அது கெட்ட வார்த்தை என்று ஹில்காவுக்கு மட்டும் தெரியும். பெரிய குளத்தில் ஓடிக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். அடுத்தவர் அவமானத்தைப் பார்க்காத மாதிரி இருப்பதை நாங்கள் சின்ன வயதிலேயே பழகிவிடுகிறோம்.

இதையெல்லாம் கூடச் சகித்துக்கொண்டு நடந்திருப்பார்கள். ஆனால் இலையுதிர் காலத்தில் வாரியம் இன்னொரு யோசனையோடு வந்தது. இத்தனை விதியை யார் மேற்பார்ப்பது? குளத்துக்குக் கிரிப்டோச் சூடு போவதையே நிறுத்திவிட்டால் என்ன? அதற்கு முன்னால் மக்கள் கருத்தைக் கேட்டாக வேண்டும். கேட்காமல் எங்கள் நாட்டில் எதையும் மூடுவதில்லை. கூடத்துச் சிற்றுண்டிக் கடையில் கூட்டம் போட்டார்கள். காபியும் ஏலக்காய் பன்னும் வாரியச் செலவு.

கூட்டத்துக்கு ஊரே வந்தது. ஹில்கா சொல்ல வேண்டியதை ஒரு வாரமாகத் தயார் பண்ணி வைத்திருந்தாள். பெரிதாக ஒன்றுமில்லை. "என் புருஷன் இந்தத் தண்ணியிலதான் நடக்கிறார்" என்ற ஒரு வரி. பாத்திரம் தேய்க்கும்போதும் இலை பெருக்கும்போதும் சொல்லிப் பார்த்திருந்தாள். தைஸ்தோவை முன் வரிசையிலேயே உட்கார வைத்தாள், அவர்கள் பார்க்கட்டும் என்று.

கலெர்வோ எழுந்தார்.

"இந்த முடிவை நாங்க அவசரப்பட்டு எடுக்கல. உலகம் பூரா எப்படிப் பண்றாங்கன்னு ஆராய்ச்சி பண்ணினோம். நானே போய்ப் பாத்தேன். ஒரு நாட்டுல கிரிப்டோவை அடியோட தடை பண்ணிட்டாங்க. மறுநாளே மிஷினெல்லாம் பக்கத்து நாட்டுக்குப் போயிடுச்சு. பக்கத்து நாட்டுல கரண்ட் போயிடுச்சு. இன்னொரு நாட்டுல அதையே சட்டப்படி செல்லுற பணம்னு அறிவிச்சாங்க. அங்க ஒரு கடையில காபி வாங்கப் போனேன், கடைக்காரர் டாலர் இல்லையான்னு கேட்டார். வேற ஒரு நாட்டுல தடையும் இல்ல, அனுமதியும் இல்ல. என்னன்னு கேட்டா ஆலோசிச்சுக்கிட்டிருக்கோம்னாங்க. அந்த ஊர்ல வெயில் ரொம்ப நல்லா இருந்தது, மேல்விவரம் வாங்க மறுபடி ஒரு தடவை போயிட்டு வந்தேன்."

காபியை ஒரு வாய் குடித்தார்.

"இதுலேர்ந்தெல்லாம் என்ன தெரிஞ்சுது? எந்த முறையும் வேலைக்கு ஆகல. அதனால எதையும் விடாம எல்லாத்தையும் சேர்த்து எடுத்துக்கிட்டோம். தடையும் உண்டு, அனுமதியும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு. எங்க நோக்கம் ஒண்ணே ஒண்ணு. சாதாரண ஜனங்க கிரிப்டோவால பாதிக்கப்படக் கூடாது. பெரிய பெரிய ஆளுங்க அதுல விளையாடறாங்க, உண்மைதான். அவங்களை எங்களால ஒண்ணும் பண்ண முடியல, அவங்க எங்க இருக்காங்கன்னே தெரியல. ஆனா சாதாரண ஜனங்க எங்க இருக்காங்கன்னு தெரியும். அதனால அவங்களைத்தான் தடுக்க முடியுது."

"பின்னால கன்டெய்னரையும் தூக்கிடுவீங்களா?" என்று உர்போ கேட்டார். கூட்டம் நடத்துகிற ஊழியர் என்பதால் அவர் கேட்கலாம்.

"கம்பெனி வேற விஷயம். அவங்களுக்கு அனுபவம் இருக்கு," என்றார் கலெர்வோ. "சரி. இதுல யாருக்காவது ஆட்சேபம் இருக்கா?"

இருந்தது. அந்தக் கடையில் இருந்த எல்லோருக்கும் இருந்தது. ஆனால் எங்கள் ஜனங்களிடம் ஒரு குணம் உண்டு. தட்டில் இருக்கிற முதல் பன்னை யாரும் எடுக்கமாட்டார்கள். கூட்டத்தில் முதல் ஆளாகவும் வாயைத் திறக்கமாட்டார்கள். திறந்தால், தன்னைப் பெரிய இவன் என்று நினைத்துக்கொண்டானா என்று அடுத்த தலைமுறை வரைக்கும் பேச்சு வரும். இரண்டாவதாகப் பேச எல்லோரும் தயாராக இருந்தார்கள். மிர்யா, சவுனாவில் அந்த வாய் பேசுகிறவள், மேசை விரிப்பில் இருந்த சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள். ஹில்காவுக்கு அந்த ஒரு வரி தொண்டை வரை வந்து நின்றது. யாராவது ஒருத்தர் இருமினால்கூடப் போதும், பின்னாலேயே தொடங்கிவிடலாம் என்று காத்திருந்தாள். யாரும் இருமவில்லை.

கலெர்வோ எல்லோர் முகத்தையும் பொறுமையாகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவரும் எங்கள் ஜனம்தானே, மௌனம் அவரை ஒன்றும் செய்யாது.

அப்போது தைஸ்தோ மேசையை இடது கையால் ஓங்கிக் குத்தினார். கோப்பைகள் அதிர்ந்தன. நாற்காலியிலிருந்து எவ்வளவு எழ முடியுமோ அவ்வளவு எழுந்தார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, கலெர்வோவைப் பார்த்துக் கத்தினார்.

"நல்லது. நல்லது. நல்லது."

கலெர்வோவின் கண் கலங்கிவிட்டது. "நன்றி," என்றார். "நான் எத்தனையோ ஊர்ல கூட்டம் போட்டிருக்கேன். வாரியத்தோட முடிவை இவ்வளவு உணர்ச்சியோட ஒரு குடிமகன் ஆதரிச்சு இன்னைக்குத்தான் பாக்கறேன்."

இப்போது ஹில்கா எழுந்துவிட்டாள். முதல் ஆள் பேசியாகிவிட்டதே. "அவர் அதைச் சொல்லல. அவருக்கு அந்த ஒரு வார்த்தைதான் வரும். அவர் வேண்டாங்கறார்."

"ஹில்கா," என்றார் கலெர்வோ, அன்பாக. "பேச்சு சிரமமா இருக்கறவங்களோட கருத்தை மத்தவங்க மாத்திச் சொல்றதை நாங்க அனுமதிக்கறதில்ல. அவங்க உரிமை அது. ரொம்பப் போராடி வாங்கின உரிமை."

"நான் அவர் பொண்டாட்டி."

"அதனாலதான் இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும்."

ஒருமனதான ஆதரவு என்று பதிவாயிற்று. கூட்டம் கலைந்தது. வெளியே வண்டி நிறுத்துகிற இடத்தில், கலெர்வோவின் கார் போன பிறகு, ஊரே ஒரே நேரத்தில் பேசத் தொடங்கியது. என்ன அநியாயம், என்ன திமிர், நான் கேட்டிருப்பேன், நீ ஏன் கேட்கல. மிர்யா ஹில்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "நான் ஒரு நாய், ஹில்கா. என்னைத் திட்டு," என்றாள். ஹில்கா திட்டவில்லை. திட்ட வேண்டியது தன்னையும்தான் என்று நினைத்தாள். தைஸ்தோ காரின் முன்சீட்டில் உட்கார்ந்து கண்ணாடி வழியே நேரே பார்த்துக்கொண்டிருந்தார். வீடு போய்ச் சேரும்வரை அவர் ஹில்காவின் பக்கம் திரும்பவில்லை.

அவள் வாரியத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். கலெர்வோவே எடுத்தார், உதவி செய்யவும் ஆசைப்பட்டார். கருத்தைச் சொன்னவரே வாயால் வாபஸ் வாங்கினால் எல்லாம் ரத்தாகிவிடும், மறுபடி கூட்டம் போடலாம் என்றார். ஹில்கா தொலைபேசியைத் தைஸ்தோவின் வாயருகே பிடித்தாள்.

"தைஸ்தோ, வணக்கம். உங்க ஆதரவை வாபஸ் வாங்கறீங்களா, இல்ல அப்படியே இருக்கட்டுமா?"

தைஸ்தோ வாயைத் திறந்தார், மூடினார். நெற்றியில் வியர்வை வந்தது. உதட்டைக் கோணி, பல்லைக் கடித்து, நாக்கை எங்கேயோ கொண்டுபோக முயன்றார். ஹில்கா அவர் முதுகைத் தடவினாள். "விடு, மெதுவா. வரும். வேண்டாம்னு சொல்லு. வேண்...டாம்." கடைசியில், மூச்சு வாங்க, வந்தது.

"நல்லது."

"எது நல்லதுங்க? வாபஸா, இருக்கட்டுமா?" என்று ஃபோனில் கலெர்வோ கேட்டார்.

"நல்லது."

"ரெண்டுக்கும் பொருந்துதே," என்றார் கலெர்வோ, கவலையோடு. "சந்தேகம் வந்தா பழைய நிலையே தொடரும்னு விதி."

"தலையாட்டறார். இதோ, இல்லைன்னு ஆட்டறார்," என்றாள் ஹில்கா.

"ஃபோன்ல தெரியாதே, ஹில்கா. வாரியம் எதையும் யூகத்துல முடிவு பண்றதில்ல." அவர் குரலில் உண்மையான துக்கம் இருந்தது. "உடம்பைப் பாத்துக்கங்க. அவரை வெதுவெதுப்பா வச்சுக்கங்க."

சின்னக் குளத்துத் தண்ணியை ஒரு வியாழக்கிழமை வடித்தார்கள். பலகையை மட்டும் கழற்றவில்லை. அதைக் கழற்ற உத்தரவு வரவில்லை. காலிக் குளத்துக்கு மேலே அது நின்றது: இதில் இறங்கினால் கொண்டுவந்த அனைத்தையும் இழக்க நேரலாம். உர்போ அதன் கீழே உட்கார்ந்து பெரிய குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கம்பெனிக்கு உரிமம் கிடைத்தது. கிடைக்காமல் என்ன? இனி அது பொதுமக்களுக்கு எதையும் தருவதில்லை, அதனால் பொதுமக்களுக்கு ஆபத்தும் இல்லை. கன்டெய்னர்கள் மூன்றாயின. குளத்துக்குப் போன குழாயை அறுத்துவிட்டு, பெரிய பெரிய விசிறிகளை மாட்டி, சூட்டையெல்லாம் வானத்துக்கு ஊதினார்கள். வானம் எந்தச் சோதனையும் எழுதவில்லை.

தைஸ்தோவின் கால் இறுகியது. முதலில் கணுக்கால், பிறகு முழங்கால். ஹில்கா வீட்டில் வெந்நீர்த் துணி போட்டாள், காலை நீட்டி மடக்கினாள், பிசியோ பெண்ணை வரவழைத்தாள். அந்தப் பெண் ஒரு ரப்பர் பந்தை அவர் வலது கையில் வைத்து அழுத்தச் சொன்னாள். பந்து ஒவ்வொரு முறையும் உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. "பழைய நிலைக்கே வந்துக்கிட்டிருக்கார்," என்று அவள் வாசலில் வைத்துச் சொன்னாள். ஹில்கா தெரியும் என்றாள். இந்த முறை அது பொய்யில்லை.

ஜனவரியில் பனி இடுப்பளவு விழுந்தது. ஊர் முழுக்க வெள்ளை. கூடத்துக்குப் பின்னால் மட்டும், விசிறிக் காற்று அடிக்கிற இடத்தில், தார்த்தரை தெரிந்தது. ஓரத்தில் பச்சைப் புல் முளைத்திருந்தது. முதலில் அதைப் பார்த்தது மிர்யா. மறுநாள் அவள் மடக்கு நாற்காலியையும் காபி பிளாஸ்கையும் எடுத்துக்கொண்டு வந்து, குளியல் அங்கியோடு, தலையில் கம்பளித் தொப்பியோடு காற்றுக்கு முழங்காலைக் காட்டி உட்கார்ந்தாள். அதற்கடுத்த நாள் செவ்வாய்க்கிழமைப் பெண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள்.

ஹில்கா தைஸ்தோவின் நாற்காலியைத் தள்ளிவந்து காற்றுக்கு நேரே நிறுத்தினாள். வெதுவெதுப்பு அவர் காலுக்குள் இறங்க இறங்க, இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. அவள் குந்தி உட்கார்ந்து அவர் பாதத்தைத் தன் மடியில் வைத்து மடக்கி நீட்டினாள். நடையில்லைதான். ஆனால் மடங்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். வாரக்கணக்கில் அவள் அந்த முகத்தில் அப்படி ஒரு தளர்வைப் பார்க்கவில்லை. தினமும் வந்தார்கள்.

பிறகு கலெர்வோவும் வந்தார். வராமல் இருப்பாரா. எல்லோருக்கும் கை கொடுத்து, நலம் விசாரித்து, புல்லைப் பார்த்து வியந்தார். அப்புறம் அளவு நாடாவை எடுத்து விசிறியிலிருந்து அளந்து, பெயின்ட் டப்பாவால் தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டார்.

"கோட்டுக்கு உள்ள நின்னா நீங்க பயனாளிங்க. கோட்டுக்கு அந்தாண்ட நின்னா பொதுமக்கள். வாரியம் பொதுமக்களைத்தான் பாதுகாக்க முடியும். தயவுசெஞ்சு எல்லாரும் அந்தாண்ட போயிடுங்க."

"அந்தாண்ட பனியால்ல இருக்கு," என்றாள் மிர்யா.

"ஆமா," என்றார் கலெர்வோ. "எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு."

 மிர்யா வாய்க்குள் எதையோ முனகிக்கொண்டு நாற்காலியை மடக்கினாள். ஒவ்வொருத்தராக எழுந்து, அங்கியை இழுத்து மூடிக்கொண்டு, கோட்டைத் தாண்டிப் பனிக்குள் போய் வரிசையாக நின்றார்கள். கடைசியில் ஹில்கா தைஸ்தோவின் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தாள்.

நாற்காலி நகரவில்லை. பிரேக் போட்டிருக்கிறதென்று குனிந்தாள். வலது பக்கத்துப் பிரேக்கின் மேலே அவர் வலது கை இருந்தது. விரல் எல்லாம் மடங்கி, மூட்டு வெளுக்க, அந்தக் கம்பியைப் பிடித்திருந்தது. பக்கவாதம் வந்த பிறகு, தண்ணிக்கு வெளியே அந்தக் கை இதுவரை எதையும் பிடித்ததில்லை.

ஹில்காவுக்கு மிர்யாவைக் கூப்பிட வேண்டும், பிசியோ பெண்ணுக்குச் சொல்ல வேண்டும், அந்தக் கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும் என்று இருந்தது. தலையை நிமிர்த்தினாள். கலெர்வோ நாடாவைச் சுருட்டியபடி, அவசரப்படுத்தாமல், மரியாதையோடு நின்றுகொண்டிருந்தார். கோட்டுக்கு அந்தப் பக்கம் எல்லோரும் குளிரில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தார்கள்.

"மன்னிக்கணும், இதோ ஆச்சு," என்றாள்.

அவள் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கட்டைவிரலுக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது.